‘லைனை கட் பண்ணாதீங்க’ என்பவன் யார்?

வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு என்று பரதவர் சொல்லும் ஏழுகடல்துறைகளில் வைப்பாறு என்ற பெயர் குறிப்பது இந்தக் கரையைத்தான். வள்ளம் கரையேறியதும் நண்டும் கணவாயும் மீனும் மணலில் குவியும். ஏலம் கூறுகிறவர் குரல் எடுப்பார். யார் கேட்டார்கள், எவ்வளவுக்குக் கேட்டார்கள், யாருக்கு முடிந்தது என்பதெல்லாம் சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தெரியும். விலையில் மனக்குறை இருக்கலாம், தரகு அதிகம் என்று சண்டை வரலாம். ஆனால் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதில் குழப்பம் வராது.

முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் இந்தக் கடற்கரையின் வழக்கம் அதுதான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். குளியாளிகளின் பங்கு போக, அரசின் பங்காக வந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடப்படும். சிப்பி திறக்கப்பட்டிருக்காது. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அவ்வளவு நிச்சயமற்ற வியாபாரம் நம்பிக்கையோடு நடந்தது என்றால், எண்ணுவதும் ஏலம் விடுவதும் ஊர் பார்க்க நடந்ததுதான் காரணம்.

இன்று அதே கரைக்கு நண்டுக் காசு செல்போனில் வருகிறது. வியாபாரி ஜிபேயில் போடுகிறார். அரசு தரும் உதவிகள் நேரே வங்கிக் கணக்கில் ஏறுகின்றன. இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையில் பணத்தோடு இருட்டில் நடக்க வேண்டியதில்லை. வட்டிக்காரர் கரையிலேயே நின்று பறித்துக்கொள்ளவும் முடியாது. பெண்களின் பெயரில் கணக்கு இருக்கிறது, அதில் அவர்களுக்கென்று பணம் இருக்கிறது. 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானபோது, கடலோரக் குடும்பங்கள் வரை அது இவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று பலர் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பணப் பரிமாற்றம் ஊர் பார்க்க நடப்பதில்லை. ஒரு மனிதர், ஒரு போன், எதிர்முனையில் முகம் தெரியாத ஒரு குரல். இணையவழிப் பண மோசடி வேலை செய்வது அந்தத் தனிமைக்குள்தான். மோசடிகளின் பெயர்களும் வேடங்களும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்து யாராலும் தப்பிக்க முடியாது. மாறாத ஒன்று உண்டு: ஏமாற்றுபவன் முதலில் உங்களைத் தனியாளாக்குவான். பணத்தை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

நிவாரணம் வரும் பருவம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்காக மீனவக் குடும்பங்களுக்கு அரசு தரும் நிவாரணம், 2023-ல் வெளியான அறிவிப்பின்படி 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்தது. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பும். 2023 செப்டம்பர் 15-லிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு மாதம் ஒரு தொகை ஏறும், இன்னொன்று தாமதமாகும். பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும், நமக்கு வந்திருக்காது. யாரைக் கேட்பது என்று தெரியாமல் வீடு காத்திருக்கும். அப்போது ஒரு அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம்.

“அம்மா, மீன்வளத் துறை ஆபீஸ்ல இருந்து பேசுறோம். உங்க வீட்டுக்காரர் பேருக்குத் தடைக்காலப் பணம் ஏறலல்லா? அக்கவுன்ட்ல ஒரு சின்னப் பிரச்சனை இருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலேன்னா லிஸ்ட்ல இருந்து பேரு போயிரும். ஜிபே இருக்குல்லா? வாட்ஸ்அப்ல ஒரு கோடு வந்திருக்கும் பாருங்க. அதை ஸ்கேன் பண்ணுங்க. தொகை காட்டும். பின் நம்பரைப் போட்டா பணம் ஏறிரும். லைனை மட்டும் கட் பண்ணாதீங்கம்மா.”

இந்தப் பேச்சில் அவசரம் இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது, உதவுகிற பாவனை இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது கடைசி வாக்கியம். லைன் துண்டிக்கப்பட்டால் அந்த அம்மா அடுத்த வீட்டில் கேட்பார். கல்லூரியில் படிக்கும் மகனுக்குப் பேசுவார். ஊரில் விவரம் தெரிந்த அண்ணாச்சியிடம் காட்டுவார். இரண்டே நிமிடத்தில் பொய் வெளுத்துவிடும். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் அந்தக் குரல் ‘கட் பண்ணாதீங்க’ என்று கெஞ்சுகிறது.

இது நான் கற்பனையில் கட்டிய அச்சம் அல்ல. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று மாணவர்களின் பெற்றோரை அழைத்து, வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு அனுப்பிப் பணத்தைச் சுருட்டிய கும்பலைக் கோவைக் காவல்துறை 2024-ல் பிடித்தது. அழைத்தவர்கள் தமிழிலேயே பேசினார்கள். வடமாநிலக் குரலில் உடைந்த தமிழ் பேசுகிறவன்தான் மோசக்காரன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பின் நம்பர் எதற்கு?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தகவலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: உங்களுக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையில்லை. கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஓடிபி சொல்லவும் தேவையில்லை. யுபிஐ பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கான சம்மதம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அது கேட்கும். வரவுக்கு ஒருபோதும் கேட்காது. நிவாரணம், உரிமைத் தொகை, உதவித்தொகை, பரிசு, திருப்பித் தரும் கட்டணம் என்று என்ன பெயர் சொன்னாலும், ‘வாங்குவதற்கு பின் போடு’ என்று ஒருவர் சொன்ன நொடியில் அவர் யார் என்பது தெளிவாகிவிட்டது.

பல ஆண்டுகள் மோசக்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ‘எனக்கு இவ்வளவு பணம் கொடு’ என்று யுபிஐ செயலி வழியாகக் கோரிக்கை அனுப்பலாம். பழைய கட்டில், மேசை விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டவரிடம், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிப் பேசி, முன்பணம் அனுப்புவதுபோல் இந்தக் கோரிக்கையை அனுப்புவார்கள். வருகிற பணம் என்று நினைத்து அவர் பின் போடுவார். தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் அந்தக் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. இதை ஐந்தாண்டுகளுக்கு முன்னரே செய்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் தப்பியிருக்கும். அந்த வாசல் மூடியபின், கியூஆர் கோடும் போலிச் செயலியும்தான் அவர்களுடைய முக்கிய வழிகள்.

போலிச் செயலிதான் இன்றைக்குக் கூடுதல் ஆபத்து. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான், வங்கிக் கேஒய்சி என்று பெயர் இருக்கும். பெயரின் முடிவில் ‘.ஏபிகே’ என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதைத் தொட்டு, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை எங்கோ இருக்கும் ஒருவன் வாசிக்கத் தொடங்குவான். அதன்பின் நீங்கள் யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டியதே இல்லை. அவனே பார்த்துக்கொள்வான். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்கக் கூடாது, ஏனென்றால் அவருடைய போன் ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். அவரை அழைத்து, குரலைக் கேட்டு, ‘நீங்கதான் அனுப்பினீங்களா’ என்று கேட்டுவிடுங்கள். நிஜமான கல்யாணப் பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது.

இதே நேரத்தில் தேவையில்லாத பீதியையும் தவிர்க்க வேண்டும். 2024-ன் இறுதியில் ஒரு எச்சரிக்கை தமிழ்நாடு முழுக்கப் பரவியது. உங்கள் கணக்கில் சிறு தொகை போடுவார்கள், பேலன்ஸ் பார்க்க நீங்கள் பின் போட்டதும் பெரிய தொகை போய்விடும் என்று. செயலியைத் திறப்பதாலோ பேலன்ஸ் பார்ப்பதாலோ எந்தப் பரிமாற்றமும் தானாக ஒப்புக்கொள்ளப்படாது என்று பணப் பரிவர்த்தனைக் கழகம் விளக்கம் அளித்தது. பணம் போக வேண்டுமானால், கொடுக்க வேண்டிய தொகையைத் திரையில் பார்த்து, ஒப்புக்கொண்டு, பிறகு பின் போட வேண்டும். ஆகவே பின் போடும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போடட்டும். அதில் குறைவொன்றும் இல்லை.

படித்தவர்களும் தனியாளானால்

கடற்கரை மக்கள் விவரம் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்று நகரத்தில் சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2023 அக்டோபரில் 99,999 ரூபாயை இழந்தவர் மத்திய சென்னை நாடாளுமன்ற உறுப்பினர் தயாநிதி மாறன். இந்தியாவின் தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தவர். ஓடிபி எதையும் பகிரவில்லை என்று அவர் சொன்னார். 2022-ல் தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் படத்தையே வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, அதிகாரிகளிடம் பரிசுக் கூப்பன் வாங்கி அனுப்பச் சொல்லி மோசடி செய்யப் பார்த்தார்கள். அவரே காணொளியில் வந்து எச்சரிக்க வேண்டியிருந்தது.

2024-ல் லூதியானாவின் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடமிருந்து 7 கோடி ரூபாய் பறிக்கப்பட்டது. சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவரை வீடியோ அழைப்பிலேயே ‘டிஜிட்டல் கைது’ செய்து வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒன்றை நடத்தி, தலைமை நீதிபதி வேடத்தில் ஒருவனைப் பேச வைத்தார்கள். நாடறிந்த தொழிலதிபர், பக்கத்தில் ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் இருக்கக்கூடியவர், யாரிடமும் சொல்லவில்லை. ரகசியச் சட்டப்படி சொல்லக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தார்கள்.

கீழவைப்பாரில் நிவாரணத்துக்குக் காத்திருக்கும் அம்மாவிடம் ‘லைனை கட் பண்ணாதீங்க’ என்றவனும், லூதியானா தொழிலதிபரிடம் ‘யாரிடமும் சொல்லாதே’ என்றவனும் கேட்டது ஒன்றையேதான்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவும் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். எந்தக் காவல் அதிகாரியும், எந்த நீதிபதியும் வீடியோ அழைப்பில் உங்களைக் கைது செய்ய முடியாது. வழக்கிலிருந்து விடுவிக்கப் பணம் கேட்க முடியாது. 2025 அக்டோபரில், ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியர் இப்படி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததை அறிந்து, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்தின் பெயரில் போலி உத்தரவே தயாரித்துக் காட்டியிருந்தார்கள். டிசம்பரில், இத்தகைய மோசடிகளை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம்

அழைக்கிறவன் எங்கே இருக்கிறான்? போன் மோசடிக்குப் பேர்போன ஜார்க்கண்டின் ஜாம்தாராவைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இப்போது பெரிய மோசடி முகாம்கள் கம்போடியாவிலும் மியான்மரிலும் லாவோசிலும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இருந்திருக்கின்றன. 2024 ஜூனில் நீர்கொழும்பு, கொழும்புப் புறநகர்களான மடிவெல, பத்தரமுல்ல ஆகிய இடங்களில் இலங்கைக் காவல்துறை சோதனையிட்டு, இணையவழி நிதி மோசடியில் ஈடுபட்டதாக 60 இந்தியர்களைக் கைது செய்தது. குவியல் குவியலாகச் செல்போன்களும் மடிக்கணினிகளும் கைப்பற்றப்பட்டன.

அந்த முகாம்களில் உட்கார்ந்து பேசுகிறவர்களில் பலர் வேலை என்று நம்பிப் போனவர்கள். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, மோசடி வேலை செய்ய வைத்திருந்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி. 2025 மார்ச்சில் இந்தியா விமானப்படை விமானங்களை அனுப்பி, அத்தகைய முகாம்களிலிருந்து 549 பேரை இரண்டு நாட்களில் அழைத்து வந்தது.

கடலில் பாடு குறைந்து, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் துடிக்கிற ஒரு கடற்கரையில் இந்தச் செய்தியை வெறும் வெளிநாட்டுச் செய்தியாக வாசிக்க முடியாது. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் பக்கம் ‘டேட்டா என்ட்ரி’ வேலை, சுற்றுலா விசாவில் போகலாம், சம்பளம் எழுபதாயிரம் என்று ஏஜென்ட் சொன்னால், மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா அவர் என்று பார்க்க வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்கிறவரை அந்த ஒரு சொல்லாலேயே தள்ளி வைக்கலாம்.

ஊரிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தூண்டில் இருக்கிறது. ‘உன் பேர்ல ஒரு அக்கவுன்ட் ஆரம்பிச்சுக் குடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, மாசம் இவ்வளவு தர்றேன்’ என்று ஒருவர் வருவார். அல்லது ‘உன் கணக்குல கொஞ்சம் பணம் வரும், கமிஷன் எடுத்துட்டு மிச்சத்தை இந்த நம்பருக்கு அனுப்பு’ என்பார். திருடப்பட்ட பணம் நேராகக் கம்போடியாவுக்குப் போவதில்லை. இப்படி வாடகைக்கு எடுத்த ஏழெட்டுக் கணக்குகள் வழியாகப் பிரிந்து பிரிந்து, கடைசியில் பணமாகவோ கிரிப்டோவாகவோ மாறுகிறது. காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்பது அங்கே பலிக்காது. அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்க வேண்டிய வயதில் ஒரு குற்ற வழக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதையும் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்க முடியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்து துண்டிக்கலாம்.

பணம் போன பிறகு

போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாளைக் காலை வங்கி திறக்கட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்கிற தவறு. 1930-ல் நீங்கள் சொல்லும் பரிமாற்ற எண்ணைப் பதிவு செய்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் அனுப்புவார்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் அங்கேயே முடக்கப்படும். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். அவன் அடுத்தடுத்த கணக்குக்குத் தள்ளிக்கொண்டே போகிறான், இவர்கள் துரத்திக்கொண்டே போகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் கழிந்தால் துரத்துவது கடினம். பரிமாற்றக் குறுஞ்செய்தியில் இருக்கும் 12 இலக்க எண், நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், அழைத்தவன் எண் இவை கையில் இருந்தால் போதும். அவன் அனுப்பியவற்றை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பிறகு மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். கணினி தெரியாதவர்கள் தூத்துக்குடி மாவட்ட சைபர் குற்றப்பிரிவு காவல் நிலையத்துக்கோ, பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ போகலாம்.

வங்கிக்கும் உடனே சொல்லியாக வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பு எதுவரை என்று வகுத்தது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது அல்ல. நீங்களே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. வங்கி 30 நாட்களில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

இங்கே ஒரு குறையைச் சொல்லியே தீர வேண்டும். ஏமாற்றப்பட்டு, தன் கையாலேயே பின் போட்டவரை அந்தச் சுற்றறிக்கை ‘அசட்டையாக இருந்தவர்’ என்ற வகையிலேயே சேர்க்கிறது. தெரிவிப்பதற்கு முன் போன பணம் அவர் பாடு. மோசடி செய்யப்பட்டவரும் அசட்டையாக இருந்தவரும் ஒன்றல்ல. மாதம் ஆயிரம் ரூபாய் வரும் ஒரு கணக்கிலிருந்து, இதற்கு முன் ஒருமுறைகூட அனுப்பாத ஒரு எண்ணுக்கு, பத்து நிமிடத்தில் மூன்று முறை பணம் போகிறது என்றால், அது வழக்கத்துக்கு மாறானது என்று கண்டுபிடிக்க வங்கியிடம் கருவி இருக்கிறது. தடுத்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும் கடமையும் வங்கிக்கு இருக்க வேண்டும். திருட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளும் கணக்கைத் திறந்து கொடுத்ததும் ஏதோ ஒரு வங்கிதான். எல்லாப் பொறுப்பையும் கரையில் நிற்கிற அம்மாவின் விரலில் வைப்பது நியாயம் இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது எவ்வளவு அவசரம் என்று புரியும். 2024-ல் நாடு முழுவதும் இணைய மோசடிகளில் மக்கள் இழந்ததாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் மட்டும் 2024-ல் 1,673 கோடி போனது. அதில் 771 கோடி முடக்கப்பட்டது. மக்கள் கைக்குத் திரும்பியது 83 கோடிதான். முடக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற மக்கள் அலைய வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலைக் குறைப்பது அரசின் வேலை. ஆனால் 771 கோடி முடங்கியதே, யாரோ உடனே போனை எடுத்து 1930-ஐ அழைத்ததால்தான்.

அப்படி அழைக்காதவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. ‘வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவார்’, ‘ஊர் சிரிக்கும்’ என்று மறைத்தவர்கள். குழுவில் வாங்கிய கடன் பணம் போய், அதை அடைக்க இன்னொரு கடன் வாங்கியவர்கள். ஏமாந்தவரைப் பார்த்து ‘உனக்கு புத்தி எங்கே போச்சு’ என்று வீட்டிலுள்ளவர் கேட்கிற கேள்வி, அடுத்த முறை அவர் வாயைத் திறக்காமல் இருப்பதை உறுதி செய்கிறது. திட்டுவதற்கு முன்னால் 1930-ஐ அழைத்துக் கொடுங்கள்.

கரையிலும் கடையிலும்

மீன் கூடையோடு உள்ளூர்களுக்குப் போகும் பெண்களும், சிறு கடைக்காரர்களும் வாங்கும் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வகை ஆபத்து. ‘அனுப்பிட்டேன் பாருங்க’ என்று வாடிக்கையாளர் தன் போனைக் காட்டுவார். பச்சை நிறத்தில் டிக் தெரியும். அந்தப் படத்தைப் போலியாகத் தயாரிக்கும் செயலிகள் இருக்கின்றன. அவர் போனில் என்ன தெரிகிறது என்பது கணக்கே இல்லை. உங்கள் போனில் வங்கிச் செய்தி வந்ததா, உங்கள் கடை ஸ்பீக்கர் தொகையைச் சொன்னதா என்பதுதான் கணக்கு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வாடிக்கையாளர்கள் கொடுத்ததெல்லாம் வேறொருவன் கணக்கில் ஏறியது. காலையில் கடை திறந்ததும் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்ப்பதும், முதல் பரிமாற்றத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று கேட்பதும் போதும்.

கைரேகை வைத்து வங்கி முகவரிடம் பணம் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ‘ரேகை பதியல, இன்னொரு தடவை வைங்க’ என்று சொன்னால், முதல் முறை பணம் போகவில்லை என்று உறுதி செய்த பிறகே வைக்க வேண்டும். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதார் செயலியில் உண்டு.

ஜிபேக்கு என்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நான் எல்லாரிடமும் வற்புறுத்தும் யோசனை. நிவாரணமும் சேமிப்பும் ஒரு கணக்கில் இருக்கட்டும். அதை எந்தச் செயலியிலும் இணைக்க வேண்டாம். அன்றாடச் செலவுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மட்டும் இன்னொரு கணக்கில் போட்டு, அதை மட்டும் போனில் இணையுங்கள். எவ்வளவு திறமையான திருடன் வந்தாலும் அந்த ஜிபே வழியாக அதற்கு மேல் எடுக்க முடியாது. ஏடிஎம் கார்டின் படத்தைப் போனில் வைக்காதீர்கள். யுபிஐ பின் அமைக்கும்போது கேட்கப்படுபவை கார்டின் கடைசி இலக்கங்களும் முடியும் தேதியும் ஓடிபியும் என்பதை மறக்க வேண்டாம். வங்கியின் இணைய முகவரி இப்போது ‘பேங்க்.இன்’ என்று முடிகிறது. வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து ‘பேங்க் மேனேஜர்’ பேசினால், வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

ஒரு கடற்கரை ஊருக்கு நகரத்தில் இல்லாத பலம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மகளிர் குழு கூடுகிறது. ஊர்க் கமிட்டி இருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ‘நேத்து எனக்கு இப்படி ஒரு போன் வந்துச்சு, இப்படிப் பேசினான்’ என்று ஒருவர் அங்கே சொன்னால், அடுத்த நூறு வீட்டில் அவன் வேலை நடக்காது. பணத்தை இழந்தவரும் அங்கே தலைநிமிர்ந்து சொல்லும்படி ஊர் நடந்துகொள்ள வேண்டும். நிவாரணப் பட்டியல் ஒட்டும்போதே ‘இதற்காக யாரும் உங்களை அழைக்க மாட்டோம், எதையும் கேட்க மாட்டோம்’ என்று பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டியது மீன்வளத் துறையின் பொறுப்பு. தொகை ஏறாவிட்டால் எங்கே, யாரைக் கேட்பது என்ற எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். அந்தத் தகவல் கிடைக்காத இடத்தில்தான் திருடன் அதிகாரி வேடம் போடுகிறான்.

இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும் பெரியவர்களின் போனை வாங்கி, 1930 என்ற எண்ணை ‘பணம் போனால்’ என்ற பெயரில் தமிழில் சேமித்துக் கொடுங்கள். எந்த நேரமானாலும் முதலில் உங்களைக் கூப்பிடலாம், திட்ட மாட்டீர்கள் என்றும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.